தலைவலி என்று மகள் வந்து நின்றபோது நான் கேட்ட கேள்வி

என் மகள் தலைவலி என்று வந்து நின்றபோதெல்லாம் நான் முதலில் கேட்டது, "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன டெஸ்ட்?" என்பதுதான். அப்போது அவளுக்கு 11 வயது. வலி வந்தால் அதிகம் பேசமாட்டாள். விளக்கை அணைத்துவிட்டு, போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். சில நாள் வாந்தியும் எடுப்பாள். இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்தால் முகம் தெளிந்திருக்கும், பசிக்கிறது என்பாள், தம்பியோடு விளையாடவும் போய்விடுவாள். அந்தத் தெளிவுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. நிஜமாகவே வலித்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் எப்படிச் சரியாகும்? சாக்குச் சொல்கிறாள் என்றே நினைத்தேன். கணவருக்கு வெளியூரில் வேலை. கேட்டுத் தெரிந்துகொள்ள அனுபவப்பட்டவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. அவளுக்கு வந்திருப்பது மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலி என்று எனக்குத் தெரிய இரண்டரை வருடம் ஆனது. அந்த இரண்டரை வருடத்தில் நான் செய்த தவறுகளை வேறு ஒரு வீட்டிலும் செய்யக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒற்றைத் தலைவலி என்று நாம் வைத்திருக்கும் பெயரே என்னை ஏமாற்றிவிட்டது. தலையில் ஒரு பக்கம் வலித்தால்தான் அது ஒற்றைத் தலைவலி என்று நம்பியிருந்தேன். இவளோ நெற்றியின் இரண்டு பக்கமும் கையை வைத்து அழுத்திக்கொள்வாள். "உள்ள யாரோ தட்டிக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கும்மா" என்பாள். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு பக்கமும்தான் வலிக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. பெரியவர்களுக்கு 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம்வரை நீடிக்கிற வலி, பிள்ளைகளுக்கு 2 மணி நேரத்திலேயே அடங்கிவிடலாம். தூங்கி எழுந்ததும் வலி போய்விடுவது பிள்ளைகளின் மைக்ரேனில் சாதாரணம். நான் பொய்க்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டது, உண்மையில் அந்த நோயின் அடையாளம். கண் கூசுகிறது, சத்தம் தாங்கவில்லை என்றெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாது. விளக்கை அணைக்கிறார்களா, காதைப் பொத்துகிறார்களா, படியேறாமல் அசையாமல் கிடக்கிறார்களா என்று பார்த்து நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

அடிக்கடி வர ஆரம்பித்த பிறகு மருத்துவரிடம் போனோம். முதலில் கண் பரிசோதனை. சின்ன பவரில் கண்ணாடி போட்டார்கள். வலி குறையவில்லை, கண்ணாடி ஃபிரேம் சரியாகப் பொருந்தவில்லை போல என்று இன்னொரு கண்ணாடியும் வாங்கினேன். அடுத்து சைனஸ் என்றார்கள். வலி வரும்போது அவளுக்குக் கண்ணில் நீர் வழியும், மூக்கு ஒழுகும். அதனால் நானும் அதை முழுசாக நம்பினேன். ஒரே வருடத்தில் மூன்று முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டாள், மூன்று முறையும் பயனில்லை. மைக்ரேன் வரும்போதே மூக்கு ஒழுகுவதும் கண்ணீர் வழிவதும் பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படுகிறது, அதைப் பார்த்துத்தான் சைனஸ் என்று தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். காய்ச்சல் இல்லை, சளி கெட்டியாகவோ நிறம் மாறியோ வரவில்லை, ஆனால் வாந்தி வருகிறது, வெளிச்சம் ஆகவில்லை என்றால், மூன்றாவது முறை ஆன்டிபயாடிக் எழுதும்போதாவது "இது மைக்ரேனாக இருக்குமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

கடைசியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். அதற்குப் போன பணம் நாங்கள் நான்கு மாதம் சேர்த்து வைத்தது. பணம் போனதைவிட அதன் முடிவு வந்த நாள்தான் எனக்கு மறக்கவில்லை. "எல்லாம் நார்மல், ஒண்ணுமே இல்லை" என்றார்கள். நான் நிம்மதியில் அழுதுவிட்டேன். மகள் வீடு வரும்வரை பேசவே இல்லை. இரவு படுக்கும்போது கேட்டாள்: "ஒண்ணும் இல்லைன்னா, நான் பொய் சொல்றேன்னு அர்த்தமாம்மா?" எனக்குப் பதில் வரவில்லை. ஸ்கேன் சரியாக இருப்பது கட்டி, ரத்தக்கசிவு போன்றவை இல்லை என்பதற்குத்தான் சாட்சி. மைக்ரேன் ஸ்கேனில் தெரியாது. மூளையும் நரம்புகளும் சில தூண்டுதல்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக எதிர்வினை காட்டும் உடல்வாகு அது. கேட்டு, பார்த்து, நரம்பு மண்டலத்தைச் சோதித்துத்தான் அதை உறுதி செய்கிறார்கள். அந்தச் சோதனை சரியாக இருந்து, வலியின் போக்கும் மைக்ரேனுக்குப் பொருந்தினால், பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஸ்கேனே தேவைப்படாது. உங்கள் பிள்ளைக்கு ஸ்கேன் எடுத்து எல்லாம் சரியாக இருந்தால், "ஒண்ணும் இல்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "பயப்படுற மாதிரி எதுவும் இல்லை, ஆனா உன் வலி உண்மை" என்று அந்த இரண்டாவது பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அதே சமயம் தள்ளிப்போடக்கூடாத அறிகுறிகளும் உண்டு, இவற்றைப் பெற்றோர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் வலி. காய்ச்சலோடு கழுத்து விறைத்துப்போவது. தலையில் அடிபட்ட பிறகு வரும் வலி. விடிகாலையில் வலியும் வாந்தியுமாகத் தூக்கத்திலிருந்து எழுப்புவது, படுத்தாலோ இருமினாலோ கூடுவது. நடை தள்ளாடுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, ஒரு பக்கம் கை கால் பலவீனமாவது, வலிப்பு, குணம் மாறுவது. வாராவாரம் வலி ஏறிக்கொண்டே போவது. பின்மண்டையில் மட்டும் வலிப்பது. இவற்றில் எது இருந்தாலும், 5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தை தலைவலி என்று சொன்னாலும் உடனே காட்ட வேண்டும், சிலவற்றுக்கு நேராக அவசரப் பிரிவுக்கே போக வேண்டும்.

இனி நான் செய்த பெரிய தவறுக்கு வருகிறேன். ஆரம்பத்தில் மாத்திரை கொடுக்கவே பயந்தேன். சின்ன வயதில் வலி மாத்திரை பழகிவிடுமே என்று, முடிந்தவரை பொறுத்துக்கொள்ளச் சொல்வேன். தாங்க முடியாமல் அழும்போது பாதி மாத்திரை கொடுப்பேன். அது அவள் எடைக்குப் போதவே போதாத அளவு. அதுவும் வாந்தி தொடங்கிய பிறகு. மைக்ரேன் வந்தால் இரைப்பையின் வேலையும் மந்தமாகிவிடும், உள்ளே போன மாத்திரை சரியாக ரத்தத்தில் சேராது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. மாத்திரை இவளுக்குக் கேட்பதில்லை என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். பிறகு எட்டாம் வகுப்பில் வலி வாரம் மூன்று நான்கு நாள் வர ஆரம்பித்ததும், நேர் எதிராகப் போனேன். பள்ளி கெட்டுப்போகிறதே என்ற பதற்றத்தில் லேசாக முகம் சுளித்தாலே மாத்திரை. பையில் ஒன்று, என் கைப்பையில் ஒன்று. ஒரு மாதக் கடைசியில் காலி அட்டைகளை எடுத்து எண்ணினேன். 19 நாள் கொடுத்திருந்தேன். அந்த எண்ணிக்கையைப் பார்த்துக் கை நடுங்கித்தான் நரம்பியல் மருத்துவரைத் தேடிப் போனேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வலி தொடங்கிய உடனே, முடிந்தால் முதல் அரை மணி நேரத்துக்குள், எடைக்கேற்ற முழு அளவு கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு முதலில் பயன்படுத்தும் ஐபுப்ரோஃபெனை ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம் என்று கணக்கிடுகிறார்கள். உங்கள் பிள்ளைக்கு அது ஒத்துக்கொள்ளுமா, அதிகபட்சம் எவ்வளவு என்பதை மருத்துவர் எழுதித் தர வேண்டும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டாம், ரேய் சிண்ட்ரோம் என்ற அபூர்வமான, ஆனால் உயிருக்கே ஆபத்தான பாதிப்பு வரக்கூடும். வாந்தி அதிகமென்றால் அதற்குத் தனி மருந்து உண்டு. சாதாரண வலி மாத்திரை போதாத பிள்ளைகளுக்கு டிரிப்டான் வகை மருந்துகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 2011-லேயே அந்த வகையைச் சேர்ந்த ரிசாட்ரிப்டானை 6 வயது முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கும் கொடுக்க அனுமதித்துவிட்டார்கள். அடுத்ததுதான் முக்கியம்: சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, டிரிப்டானையோ பல மருந்து கலந்த மாத்திரையையோ 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்க ஆரம்பித்துவிடும். வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் கைவைக்காதீர்கள் என்றார். சீக்கிரமாக, போதுமான அளவு, ஆனால் அடிக்கடி அல்ல. இதில் மூன்றையுமே நான் தலைகீழாகச் செய்திருந்தேன்.

மாத்திரையை நிறுத்திய முதல் பத்து நாள் கொடுமை. வலி முன்பைவிட அதிகமாகத்தான் இருக்கும், பிறகு குறையும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இருந்தாலும் நான்காம் நாள் இரவு அவள் மாத்திரைக்காகக் கெஞ்சியபோது நான் ஏறக்குறைய கொடுத்துவிட்டேன். கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வாரத்தில்தான் தொடர்ந்து இரண்டு நாள் வலியில்லாமல் இருந்தாள். இப்படி நிறுத்துவதை மருத்துவர் கண்காணிப்பில் செய்யுங்கள், முடிந்தால் பள்ளி விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது பள்ளி நாளில் போனது. அந்த ஆண்டு மொத்தம் 41 நாள் விடுப்பு.

அதே மருத்துவர் என்னைப் பார்த்து, "உங்களுக்குத் தலைவலி வருமா?" என்று கேட்டார். வேலை அதிகமானால் வரும், எல்லோருக்கும் வருவதுதானே என்றேன். வாந்தி வருமா, இருட்டில் படுத்துக்கொள்வீர்களா, மாதவிடாய் சமயத்தில் கூடுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம். 20 வருடமாக எனக்கும் மைக்ரேன் இருந்திருக்கிறது. அதைப் பொறுத்துக்கொள்வதையே பெருமையாக நினைத்து, மகளும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறேன். அன்று எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. இது குடும்பத்தில் வருகிற நோய். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கணிசமாகக் கூடுகிறது. சின்ன வயதில் வண்டியில் போனால் வாந்தி, காரணம் தெரியாமல் அடிக்கடி வந்துபோகிற வயிற்றுவலி, இவையும் மைக்ரேன் வரப்போகும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே தெரியக்கூடிய விஷயங்கள். என் மகளுக்கு 6 வயதில் இரண்டுமே இருந்தன. உங்கள் அம்மா, அப்பா, அத்தை, மாமா யாருக்காவது "வாந்தி வந்தால் சரியாகிவிடும்" வகைத் தலைவலி இருந்ததா என்று மருத்துவரிடம் போவதற்கு முன் விசாரித்துவிட்டுப் போங்கள். அந்த ஒரு தகவல் பல மாதங்களை மிச்சப்படுத்தும்.

அப்புறம் தலைவலி டைரி. நாள், தொடங்கிய நேரம், எத்தனை மணி நேரம், மாத்திரை, முந்தைய இரவு தூக்கம், சாப்பாட்டைத் தவறவிட்டாளா, மாதவிடாய் நாள். இவ்வளவுதான், ஒரு நாளைக்கு ஒரு வரி. மூன்று மாதம் எழுதியதில் நான் ஊகித்த காரணங்கள் பாதி பொய்யானது. செல்போன்தான் காரணம் என்று தினமும் சண்டை போட்டிருந்தேன். டைரியில் தெரிந்தது வேறு: காலையில் சாப்பிடாமல் ஓடிய நாட்களும், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை தூங்கிய நாட்களும். தூக்கம் குறைந்தாலும் மைக்ரேன், நேரம் மாறிக் கூடிப்போனாலும் மைக்ரேன். 13 வயதுக்கு மேல் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும், விடுமுறையிலும் எழுகிற நேரம் அதிகம் மாறக்கூடாது. ஒரே ஒரு காரணம் எப்போதும் வலியைக் கொண்டுவருவதில்லை என்பதும் புரிந்தது. தூக்கம் கெட்டு, தண்ணீர் குடிக்காமல், மாதவிடாய்க்கு முந்தைய நாளும் சேர்ந்தால் நிச்சயம் வரும். மூன்றில் ஒன்று மட்டும் என்றால் பெரும்பாலும் தாண்டிவிடுவாள். அதனால் இது கூடாது, அது கூடாது என்று நீளமான தடைப்பட்டியல் போடாதீர்கள். டைரி காட்டிக்கொடுப்பதை மட்டும் மாற்றினால் போதும். இன்னொன்றும் பிடிபட்டது. வலிக்கு முந்தைய மாலை அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே இருப்பாள், எரிச்சல்படுவாள், கழுத்து வலிக்கிறது என்பாள். கோபப்பட்டதால் தலைவலி வந்தது என்று நான் அவளைக் குறை சொன்ன நாட்களில், தலைவலி ஏற்கெனவே தொடங்கிவிட்டிருந்தது.

வலி வராமல் தடுக்கத் தினமும் எடுக்கிற தடுப்பு மருந்து பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். 8 முதல் 17 வயதுவரை உள்ள 361 பேரிடம் அமிட்ரிப்டிலின், டோபிராமேட் என்ற இரண்டு தடுப்பு மருந்துகள், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வு 2017-ல் வெளியானது. தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தவர்கள் அமிட்ரிப்டிலினில் 52 சதவீதம், டோபிராமேட்டில் 55, வெற்று மாத்திரையில் 61. மருந்துகள் வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை, பக்கவிளைவுதான் அதிகம். எனக்கு இதில் நம்பிக்கை தந்தது, எந்தக் குழுவிலும் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் தேறியிருந்தார்கள் என்பதே. என் மகளுக்கு முதலில் டோபிராமேட் கொடுத்தார்கள். விரல் நுனி மரத்துப்போனது, வகுப்பில் தெரிந்த சொல்லே வாயில் வரவில்லை என்று அழுதாள். படிப்பில் கவனமில்லை என்று பள்ளியில் திட்டு வாங்கிய பிறகுதான் அது மருந்தின் வேலை என்று தெரிந்து மாற்றினார்கள். எந்த மருந்து தொடங்கினாலும் என்னென்ன பக்கவிளைவு வரலாம், எத்தனை வாரத்தில் பலன் தெரியும், எப்போது நிறுத்துவோம் என்று முதல் நாளே கேளுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் அதைச் சொல்லாமல் விடாதீர்கள், ப்ரோப்ரனலால் என்ற இன்னொரு தடுப்பு மருந்து அவர்களுக்கு ஆகாது.

அவளைத் திருப்பியது மருந்தைவிட மனநல ஆலோசகரிடம் கற்ற பயிற்சிகள் என்று நான் நினைக்கிறேன். அங்கே அனுப்பியபோது முதலில் எனக்குச் சுருக்கென்றது, மறுபடியும் "எல்லாம் மனசுதான்" என்கிறார்களோ என்று. அப்படி இல்லை. அடிக்கடி மைக்ரேன் வருகிற 10 முதல் 17 வயது பிள்ளைகள் 135 பேரை வைத்து 2013-ல் வந்த ஆய்வில், அமிட்ரிப்டிலினோடு அறிதிறன் நடத்தைப் பயிற்சியும் பெற்றவர்களுக்கு 28 நாளில் 11.5 தலைவலி நாட்கள் குறைந்தன. மருந்தோடு தலைவலி பற்றிய விளக்கம் மட்டும் கேட்டவர்களுக்கு 6.8. மூச்சை நிதானமாக்குவது, தசையை ஒவ்வொன்றாகத் தளர்த்துவது, "இன்னைக்கு முழுக்கப் போச்சு" என்ற எண்ணத்தைப் பிடித்து நிறுத்துவது, இவற்றைத்தான் கற்றுக்கொடுத்தார்கள். எனக்கும் ஒரு பாடம் நடந்தது. மணிக்கு ஒருமுறை "வலி எப்படி இருக்கு?" என்று கேட்பதை நிறுத்தச் சொன்னார்கள். நம்பாமல் இருந்த நான், பிறகு கேட்டுக் கேட்டே அவளை வலியை நினைக்க வைத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய தம்பி ஒருநாள், "எனக்கும் தலை வலிச்சா நீ என் பக்கத்துல உட்காருவியா?" என்று கேட்டான். அதன் பிறகு அவனுக்கென்று தனியாக நேரம் ஒதுக்கினேன்.

பள்ளிக்கு மருத்துவர் கடிதம் வாங்கிக் கொடுங்கள். வலி தொடங்கியதும் மாத்திரை எடுக்க அனுமதி, தண்ணீர் பாட்டில் மேசையில் வைத்துக்கொள்ள அனுமதி, அரை மணி நேரம் இருட்டான இடத்தில் படுத்துவிட்டு வகுப்புக்குத் திரும்ப அனுமதி. இந்த மூன்றும் கிடைத்த பிறகு அவள் பாதி நாளில் வீடு திரும்புவது மிகவும் குறைந்தது. முன்பெல்லாம் லேசாக வலித்தாலே கூட்டிவந்துவிடுவேன். அதனால் பாடம் விட்டுப்போய், அந்தப் பயமே அடுத்த வலியைக் கொண்டுவந்தது.

இதைப் படிக்கிற இளவயதுப் பெண்களுக்கு ஒன்று. வலிக்கு முன் கண்ணில் வளைந்து நெளியும் ஒளிக்கோடு, பார்வையில் ஓட்டை விழுந்த மாதிரி தெரிவது உண்டென்றால், அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பின்னாளில் மாதவிடாய்ப் பிரச்சினைக்கோ கருத்தடைக்கோ ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கலந்த மாத்திரை எழுதும்போதும் மறக்காமல் சொல்லுங்கள், அந்த இரண்டும் சேர்ந்தால் பக்கவாத அபாயம் கூடுகிறது. யாராவது உங்களை நம்பவில்லை என்றால் டைரியைக் கையில் கொடுங்கள். என் மகள் எழுதிய டைரியைப் பார்த்துத்தான் அவள் அப்பா முதன்முதலாக அவளிடம் மன்னிப்புக் கேட்டார்.

அவளுக்கு இப்போது 15 வயது. தினசரி மருந்து நிறுத்தி ஏழு மாதமாகிறது. போன மாதப் பக்கத்தில் நான்கு நாள் குறித்திருக்கிறாள், மாத்திரை இரண்டு நாள், விடுப்பு அரை நாள். கடைசி வரியில், "அம்மா எதுவும் கேட்கல. ஜன்னலைச் சாத்திட்டுப் போனாங்க" என்று எழுதியிருந்தாள்.